ஜீபிரஷில் ஆட்டோசேவ் நேரத்தை மாற்றியும் தொல்லை தீரவில்லை, ஏன்?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்களுடையது ஒரு வரிக் கேள்விதான்: கணினியில் த்ரீடி சிற்பம் செதுக்கும் மென்பொருளான ஜீபிரஷ் தானாகச் சேமிக்கும் இடைவெளியை எங்கே மாற்றுவது? ஆனால் கூடவே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் விஷயம் அதோடு நிற்கவில்லை. 20 நிமிடத்தை 60 ஆக்கியும் அடிக்கடி சேவ் ஆகிறது. மறுநாள் திறந்தால் அந்த 60 பழையபடி 20 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் 40, 50 விநாடி திரை உறைந்துபோகிறது. சி டிரைவ் நிரம்புகிறது, அதனால் அந்த ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றப் பார்க்கிறீர்கள். போகிற போக்கில், 'பிளெண்டரில் (இன்னொரு த்ரீடி மென்பொருள்) இந்தத் தொல்லையே இல்லையே, அங்கேயே போய்விடலாமா' என்றும் ஒரு வரி. ஆக, வேலை பறிபோகவும் கூடாது, வேலை நடுவில் நிற்கவும் கூடாது, இரண்டுக்கும் சேர்த்து வழி உண்டா என்பதுதான் நீங்கள் கேட்பது. பெருமளவுக்கு உண்டு. ஆனால் ஸ்லைடரை நகர்த்தினால் பாதி தூரம்தான் போக முடியும்.

நான் த்ரீடி பிரிண்டுக்காகச் சிலை, பொம்மை மாடல்கள் செய்து கொடுப்பவன். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஜீபிரஷ்தான் சோறு போடுகிறது, பிளெண்டர் பக்கத்து இலை. கம்ப்யூட்டர் என்ஜினியர் அல்ல. கீழே சொல்வது விண்டோஸ், மேக் கணினிகளில் ஓடும் ஜீபிரஷுக்குப் பொருந்தும். ஐபேடில் வருவது தனிக் கதை, அதைக் கலக்கவில்லை.

முதலில் இடம். மேலே பிரெஃபரன்சஸ் பட்டியலைத் திறந்தால் உள்ளே குவிக்சேவ் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஜீபிரஷ் தன் ஆட்டோசேவுக்கு வைத்திருக்கும் பெயர் அது. ஜீபிரஷை முதலில் உருவாக்கிய பிக்ஸலாஜிக் நிறுவனத்தின் காலத்திலிருந்து இந்தப் பகுதி பெரிதாக மாறவில்லை, 2021 டிசம்பரில் மேக்ஸான் நிறுவனம் அதை வாங்குவதாக அறிவித்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தாலும் பெரும்பாலும் சரியாக வரும். அங்கே மூன்று ஸ்லைடர்கள். மேக்சிமம் குவிக்சேவ்ஸ் என்பது எத்தனை பிரதிகளை வைத்துக்கொள்வது என்பதற்கு, வழக்கமாக 10. மேக்சிமம் டியூரேஷன் என்பது அதிகபட்சம் எத்தனை நிமிடம் சேமிக்காமல் விடலாம் என்பதற்கு, வழக்கமாக 20. மூன்றாவது ரெஸ்ட் டியூரேஷன். நீங்கள் தொடாமல் விட்டது இதைத்தான், தொல்லை வருவதும் இங்கிருந்துதான்.

ரெஸ்ட் டியூரேஷன் என்றால் நீங்கள் ஜீபிரஷில் எதுவும் செய்யாமல் எத்தனை நிமிடம் இருந்தால் அது சேமிக்கத் தொடங்கும் என்ற கணக்கு. வழக்கமாக அது 1. யோசித்துப் பாருங்கள். சிற்பம் செய்கிறவன் ஒரு நிமிடம் சும்மா இருப்பது எப்போது? ரெஃபரன்ஸ் படத்தைப் பார்க்கும்போது. தாடை எலும்பு எங்கே திரும்புகிறது என்று இரண்டாவது திரையில் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள், பார்த்து முடித்ததும் 'ஆ, புரிந்தது' என்று பேனாவை வைக்கிறீர்கள், அந்த நேரத்தில் ஜீபிரஷ் சேமித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அது நடுவில் தடுத்ததாகத் தெரிகிறது. அதற்கோ நீங்கள் ஓய்வெடுப்பதாகத் தெரிகிறது. மேக்சிமம் டியூரேஷனை 60 ஆக்கினாலும் 600 ஆக்கினாலும் இந்த ஒரு நிமிடக் கணக்கு அப்படியே இருக்கும்.

இது உங்கள் விஷயத்திலும் உண்மைதானா என்று நீங்களே சோதிக்கலாம். ஜீபிரஷ் சாளரத்தின் உச்சியில், நினைவகக் கணக்கெல்லாம் ஓடும் தலைப்புப் பட்டையில், இன்னும் இத்தனை விநாடியில் குவிக்சேவ் என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும். பேனாவை எடுத்துவிட்டு அதையே பாருங்கள். ஒரு ஸ்ட்ரோக் (தூரிகையின் ஒரு இழுப்பு) போட்டதும் அது மறுபடி 60 பக்கம் ஏறினால் நான் சொன்னதுதான் காரணம். உங்கள் விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சத்தியம் செய்ய மாட்டேன், எண்ணிக்கையே சொல்லிவிடும்.

என்ன எண் வைப்பது என்பது அவரவர் பழக்கம். நான் ரெஸ்ட் டியூரேஷனை 4 ஆகவும், மேக்சிமம் டியூரேஷனை 30 ஆகவும் வைத்திருக்கிறேன். நான்கு நிமிடம் கை அசையவில்லை என்றால் நிஜமாகவே டீ குடிக்கப் போயிருக்கிறேன் என்று அர்த்தம், அப்போது சேமித்தால் எனக்கென்ன. நடுவில் உள்ள நேரத்துக்கு விசைப்பலகையில் 9 இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தக் கணமே ஒரு குவிக்சேவ். பெயர் கேட்காது, இடம் கேட்காது. ஒரு சப்டூலை (உருவத்தின் ஒரு தனிப் பாகம்) முடித்து அடுத்ததற்குப் போகும்போது 9, டைனமெஷ் (உருவத்தின் வலையைப் புதிதாகப் பின்னுவது) போடுவதற்கு முன் 9, பூலியன் (உருவங்களை ஒட்டுவது, வெட்டுவது) போடுவதற்கு முன் இரண்டு முறை 9 என்று விரல் தானாகப் பழகிவிட்டது. எந்த நேரத்தில் காத்திருப்பது என்பதை நான் முடிவு செய்தால் அதே 40 விநாடி அவ்வளவு எரிச்சலாக இருப்பதில்லை.

ஆட்டோசேவை மொத்தமாக நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்லைடர்களை வலது பக்கம் நன்றாகத் தள்ளிவிட்டால் கிட்டத்தட்ட நிறுத்திய மாதிரிதான். ஆனால் செய்யாதீர்கள். பாரமான ஃபைலில் ஜீபிரஷ் விழுவது பெரும்பாலும் நாம் மும்முரமாக இருக்கும்போதுதான், அப்போது 9 ஞாபகத்துக்கு வராது.

அடுத்து, 60 ஏன் மறுநாள் 20 ஆகிறது? இதில் சந்தேகமே இல்லை. ஜீபிரஷில் ஒரு அமைப்பை மாற்றினால் அது அந்த ஒரு அமர்வுக்குத்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் அதே பிரெஃபரன்சஸ் பட்டியலில் கான்ஃபிக் என்ற பகுதிக்குப் போய் ஸ்டோர் கான்ஃபிக் பொத்தானை அழுத்த வேண்டும். சுருக்குவழி கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றும் சேர்த்து. மற்ற மென்பொருள்களில் பழகியவர்கள் எல்லோருமே இதில் ஒருமுறை ஏமாந்திருப்பார்கள், நானும்தான். ஒரு எச்சரிக்கை: ஸ்டோர் கான்ஃபிக் குவிக்சேவ் எண்ணை மட்டும் சேமிப்பதில்லை, அப்போது திரையில் பட்டியல்கள் எப்படிக் கிடக்கின்றனவோ அதையும் சேர்த்தே சேமிக்கும். அதனால் முதலில் திரையை ஒழுங்குபடுத்திவிட்டு அழுத்துங்கள். புதிய பதிப்பு நிறுவினால் இதை மறுபடி ஒருமுறை செய்யவேண்டியிருக்கும்.

சரி, அந்த 40, 50 விநாடி. உங்கள் ப்ராஜெக்ட் ஃபைல் 1.8 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் இடைவெளியை எப்படி மாற்றினாலும் ஒரு சேவ் எடுக்கும் நேரம் குறையாது. குவிக்சேவ் சேமிப்பது நீங்கள் திரையில் பார்க்கும் ஒரு உருவத்தை மட்டுமல்ல, முழு ப்ராஜெக்டையும். டூல் பட்டியலில் (ஜீபிரஷில் செதுக்கும் உருவத்துக்கே டூல் என்றுதான் பெயர்) எதெல்லாம் ஏற்றப்பட்டிருக்கிறதோ எல்லாமே உள்ளே போகும். போன வாரம் அளவு ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த ஒரு தலை, இன்னொரு வேலையிலிருந்து எடுத்த கை, எதுவும் திரையில் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சேவிலும் சுமையாக ஏறும். எனக்கு ஒருமுறை யாளி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது ஃபைல் காரணமே இல்லாமல் பெருத்துக்கொண்டே போனது. பார்த்தால் முந்தைய வேலையின் நந்தி முழுசாகப் பட்டியலில் படுத்திருந்தது. உங்கள் உருவத்தை மட்டும் டூல் பட்டியலின் சேவ் ஆஸ் வழியாகத் தனியாகச் சேமித்து, ஜீபிரஷை மூடித் திறந்து, அதை மட்டும் ஏற்றி, புதிய ப்ராஜெக்டாகச் சேமித்துப் பாருங்கள். 1.8 எவ்வளவாகிறது என்று அப்போது தெரியும்.

இன்னொரு சுமை அன்டூ வரலாறு, அதாவது செய்ததைப் பின்னோக்கி மாற்றுவதற்கான பதிவு. திரையின் மேல் ஓரத்தில் சிறு கட்டங்களாக வரிசையாக நீளுமே, அதுதான். ஜீபிரஷ் அதை ப்ராஜெக்டோடு சேர்த்துச் சேமிக்க வல்லது, அது பெரிய வசதி. ஒரு மாதம் கழித்துத் திறந்து பின்னால் போகலாம். ஆனால் பெரிய மெஷ்ஷில் (உருவத்தின் பாலிகன் வலை) ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோக்குகளின் வரலாறு மெஷ்ஷைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுவது உண்டு. முடிந்துபோன சப்டூல்களுக்கு அது எதற்கு? எடிட் பட்டியலில் டூல் என்ற பகுதியில் அன்டூ வரலாற்றை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அழித்தால் திரும்ப வராது, அதனால் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள்.

மூன்றாவது சுமை, டிவைட் நிலைகள், அதாவது நுணுக்கத்துக்காக வலையைப் பிரித்துக்கொண்டே போகும் படிகள். ஒரு நிலை ஏறும்போது பாலிகன் (வலையின் ஒரு கட்டம்) எண்ணிக்கை நான்கு மடங்காகும். 10 லட்சம் என்றால் அடுத்து 40 லட்சம், அதற்கடுத்து 1 கோடியே 60 லட்சம், அதற்கடுத்து 6 கோடியே 40 லட்சம். தோல் துளை போடுவதற்காக முகத்தை இந்தக் கடைசி நிலைக்கு ஏற்றுவதில் நியாயம் இருக்கிறது. முதுகுப் பக்கம் மறைந்து கிடக்கும் துணியையும் அதே நிலைக்கு ஏற்றிவைப்பது வெறும் பழக்கம். முடிந்த பாகங்களை பாலிகனைக் குறைக்கும் டெசிமேஷன் மாஸ்டரில் போட்டு இளைக்க வைக்கலாம், பிரிண்டுக்குப் போகிற மாடலென்றால் கடைசியில் எப்படியும் அதைத்தான் செய்யப்போகிறோம். ஆனால் டெசிமேட் செய்த மெஷ்ஷில் டிவைட் நிலைகள் இருக்காது, அதில் மறுபடி நுணுக்க வேலை செய்வதும் சிரமம். மூலத்தைத் தனியாக வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

இந்த மூன்றில் உங்கள் ஃபைலில் எது பெரும்பங்கு என்று அதைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. பந்தயம் கட்டச் சொன்னால் அன்டூ வரலாற்றின் மேல் கட்டுவேன்.

இப்போது டி டிரைவ் விஷயம். உங்கள் லேப்டாப்பில் சி என்பது 256 ஜிபி எஸ்எஸ்டி, டி என்பது 1 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க் என்கிறீர்கள். விண்டோஸில் குவிக்சேவ் ஃபோல்டர் சி டிரைவில்தான் இருக்கும்: யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாக்குமெண்ட்ஸ், அதற்குள் ஜீபிரஷ்டேட்டா, புதிய பதிப்புகளில் அந்தப் பெயரோடு ஆண்டும் ஒட்டியிருக்கும். 1.8 ஜிபி ஃபைலின் 10 பிரதிகள் என்றால் 18 ஜிபி. அதற்கு மேல் இந்த ஃபோல்டர் வளராது, ஏனென்றால் எண்ணிக்கை முடிந்ததும் பழையதன் மேலேயே எழுதும். ஆனால் இரண்டு மூன்று பதிப்புகளை நிறுவி மாற்றியிருந்தால் பழைய ஆண்டின் ஃபோல்டரும் தன் 18 ஜிபியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள், உங்கள் பிரச்சினை அங்கேயே தீர்ந்தாலும் தீரும்.

டி டிரைவுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும், ஆனால் உறைவு கூடும். சுழலும் டிஸ்க் விநாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 150 எம்பி எழுதும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 வரை எழுதும். 1.8 ஜிபியை 100 எம்பி வேகத்தில் எழுத 18 விநாடி, 500 எம்பி வேகத்தில் 4 விநாடிக்குள். உங்களுக்கு எஸ்எஸ்டியிலேயே 40 விநாடி ஆகிறது என்றால் டிஸ்க் மட்டும் காரணமல்ல, எழுதுவதற்கு முன் தரவைத் தயார் செய்வதற்கும் நேரம் போகிறது. எஸ்எஸ்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தால் அதன் வேகமும் குறையும். இதோடு டி டிரைவின் மந்தமும் சேர வேண்டாம். அதற்குப் பதில் மேக்சிமம் குவிக்சேவ்ஸை 10லிருந்து 4 ஆக்குங்கள். ஃபைல் அளவு மாறாவிட்டாலும் 18 ஜிபி 7.2 ஆகிவிடும்.

பின்னால் ஒரு நாள் இரண்டாவது எஸ்எஸ்டி போட்டால் மாற்றுங்கள். நான் செய்வது விண்டோஸின் ஜங்ஷன் முறை: ஜீபிரஷை மூடிவிட்டு, பழைய குவிக்சேவ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, எம்கேலிங்க் கட்டளையால் அதே பழைய பெயரில் புதிய டிரைவுக்கு ஒரு வாசல் வைப்பது. ஜீபிரஷுக்கு ஃபோல்டர் பழைய இடத்தில் இருப்பதாகவே தெரியும், எழுதுவது மட்டும் புது இடத்தில். ஒன்றே ஒன்று, இணையத்தோடு ஒத்திசையும் ஃபோல்டருக்குள் இதை வைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை 1.8 ஜிபி மேலே ஏறத் தொடங்கினால் வீட்டு இணையம் தாங்காது.

பிரதி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிவிட்டதால் அதிலுள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். குவிக்சேவ் ஒரு சக்கரம் மாதிரி, சுற்றிச் சுற்றி எழுதும். ரெஸ்ட் டியூரேஷன் 1 என்று இருந்த நாட்களில் எனக்கு 10 பிரதிகளும் ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும். ஒருமுறை மாலையில் ஒரு வாடிக்கையாளர், 'காலையில் அனுப்பிய படத்தில் இருந்த கழுத்து ஆரமே நன்றாக இருந்தது, அதையே வையுங்கள்' என்றார். காலைப் பிரதி எதுவும் மிச்சமில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி கோத்தேன், அதே மாதிரி வரவும் இல்லை. அன்றிலிருந்து, திரும்பிப் போகவேண்டி வரலாம் என்று தோன்றும் ஒவ்வொரு கட்டத்திலும் ஃபைல் பட்டியலின் சேவ் ஆஸ் போட்டு பெயரோடு 01, 02 என்று எண் சேர்த்துச் சேமிக்கிறேன். அந்த ஃபைல்களை உங்கள் டி டிரைவில் தாராளமாக வையுங்கள், அங்கே மெதுவாக எழுதினாலும் பரவாயில்லை.

அதேபோல ஜீபிரஷ் விழுந்து எழுந்தால் லைட்பாக்ஸைத் (ஜீபிரஷுக்குள்ளேயே ஃபைல்களைக் காட்டும் பட்டை) திறந்து குவிக்சேவ் தாவலுக்குப் போவீர்கள், கடைசிப் பிரதியைத் திறப்பீர்கள். திறந்ததும் தூரிகையைத் தொடாதீர்கள். முதலில் வேறு ஃபோல்டரில், வேறு பெயரில் சேவ் ஆஸ். பதற்றத்தில் அப்படியே வேலையைத் தொடர்ந்தால் சக்கரம் சுற்றி உங்களைக் காப்பாற்றிய அந்தப் பிரதியின் மேலேயே எழுதிவிடும்.

அப்புறம் பிளெண்டர். அங்கே எடிட் பட்டியலில் பிரெஃபரன்சஸ், அதில் சேவ் அண்ட் லோட் பகுதியில் ஆட்டோசேவும் அதன் நிமிடக் கணக்கும் இருக்கின்றன. நிறுவியதும் 2 நிமிடம், 1 முதல் 60 வரை மாற்றலாம். சேமிப்பது தற்காலிக ஃபோல்டருக்கு. அந்த ஃபோல்டரை ஃபைல் பாத்ஸ் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம், லினக்ஸில் கட்டாயம் மாற்றுங்கள், ஏனென்றால் பல லினக்ஸ்களில் கணினியை மறுபடி தொடங்கினாலே அது காலியாகிவிடும். இதெல்லாம் ஜீபிரஷைவிட எளிது என்பது உண்மை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தும் தொல்லை தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்குக் காரணம் வேறு. பிளெண்டர் ஆப்ஜெக்ட் முறையில் இருக்கும்போது அன்டூவுக்காக முழு ஃபைலின் படிமம் ஒன்றை நினைவகத்தில் வைத்திருக்கும், ஆட்டோசேவ் அதை அப்படியே டிஸ்கில் கொட்டிவிடும், வேகமாக முடியும். சிற்ப முறைக்குள் போய்விட்டால் அன்டூ ஸ்ட்ரோக்கின் மாற்றத்தை மட்டும்தான் வைத்திருக்கும், முழுப் படிமம் கிடையாது. வேகம் கெடக்கூடாது என்பதற்காக, நான் பயன்படுத்திய 3, 4 வரிசைப் பதிப்புகளில் நீங்கள் சிற்ப முறையை விட்டு வெளியே வரும்வரை ஆட்டோசேவ் காத்திருக்கும். இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்து செதுக்கினால் இரண்டு மணி நேரமும் அது காத்திருக்கும். கண்ட்ரோல் எஸ் போட்டால் ஸ்ட்ரோக்குகள் சேர்ந்தே சேமிக்கப்படும், அதில் பிரச்சினையில்லை. அல்லது அவ்வப்போது ஒருமுறை ஆப்ஜெக்ட் முறைக்கு வந்து போகலாம். உங்களிடம் இருக்கும் பதிப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்: ஃபைலைத் திறந்து சிற்ப முறைக்குப் போய், நிறுத்தாமல் ஐந்து நிமிடம் செதுக்குங்கள், முறையை மாற்றாமலே தற்காலிக ஃபோல்டரைத் திறந்து ஆட்டோசேவ் என்று முடியும் ஃபைலின் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் செதுக்கத் தொடங்குவதற்கு முந்தைய நேரமே காட்டினால், அல்லது அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றால், பிளெண்டரில் ஏன் தொல்லையே இல்லை என்று விளங்கிவிடும்.